பள்ளிக்கூடத்துச் சைக்கிள்

லாரியில் வந்து இறங்கியபோது அது சைக்கிளாகவே இல்லை. ஃபிரேம்கள் தனிக்கட்டு, சக்கரங்கள் தனிக்கட்டு, பெடலும் செயினும் சாக்குமூட்டையில். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் ஸ்பேனரோடு உட்கார்ந்து மாட்டினார்கள். 2012இல் அப்படி மாட்டியதில் ஒன்று என் அக்கா மகளுக்குக் கிடைத்தது.

தமிழ்நாட்டில் அரசு இலவசமாகச் சைக்கிள் கொடுக்கும் இந்தத் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கியது. பிறகு அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பிளஸ் ஒன் படிப்பவர்களுக்கெல்லாம் விரிந்தது. இதேபோல 2006இல் பீகார் அரசும் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அதன் பலனைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள்: உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் 32 விழுக்காடு கூடியிருந்தார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

எங்களுக்குப் பள்ளி ஐந்து கிலோமீட்டர். காலையில் ஒரே டவுன் பஸ். அதை விட்டால் முதல் பீரியடு போச்சு.

எங்கள் புதுக்கோட்டைக்குச் சைக்கிள் புதிதில்லை. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமென்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அக்காவும் அப்போது வாடகைச் சைக்கிளில் முட்டியைப் பேர்த்துக்கொண்டு பழகியவள்தான். அதனால் மகளுடைய சைக்கிளை அவளே முதலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். பிரேக் பிடிக்கவில்லை. பெடல் ஆடியது.

மறுநாளே பஸ் ஸ்டாப் சைக்கிள் கடைக்குப் போனது. கடைக்காரர் பின்சக்கரத்தைச் சுழலவிட்டு, கோட்டம் எடுத்து, பிரேக் கட்டையை மாற்றி, எல்லா நட்டையும் முறுக்கினார். "வாரம் ஒருக்கா கொண்டா பாப்பா, காத்துப் பாத்து விடுறேன்" என்றார். பஞ்சர் ஆனால் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கிக் குமிழி வரும் இடத்தை விரலால் பொத்திக்கொள்வார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, ஒட்டைப் போட்டுச் சுத்தியலால் நாலு தட்டு. அந்தக் கைகள் இருந்ததால்தான் இரண்டு வருடமும் அவள் பள்ளிக்கு நேரத்துக்குப் போனாள்.

அவள் படிப்பு முடிந்ததும் சைக்கிள் மச்சானுடையதாயிற்று. கேரியரில் பால்கேன், ஹேண்டில்பாரில் தூக்குவாளி, விடியலில் சொசைட்டிக்கு.

கடைக்காரர் இறந்த பிறகு அந்தக் கடை திறக்கவில்லை. பக்கத்து டூவீலர் மெக்கானிக் சைக்கிளைத் தொடுவதில்லை. ஆண்டுதோறும் இத்தனை லட்சம் சைக்கிள் கொடுக்கும் அரசு, பள்ளிக்கொரு காற்றடிக்கும் பம்பும் மாதம் இரண்டு நாள் வந்துபோக ஒரு ரிப்பேர்க்காரரும் ஏற்பாடு செய்யக்கூடாதா? எத்தனை வீட்டு மாட்டுக்கொட்டகையில் டயர் இறங்கிய சைக்கிள்கள் சாய்ந்து கிடக்கின்றன!

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மச்சான் பின்சக்கரத்தை மட்டும் கழற்றி, தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்.