மாவுக்கட்டு போட்டு வண்டி ஏத்தின எலும்பு

1/ அரியலூர், பெரம்பலூர் பக்கம் போறவங்களுக்கு முதல்ல கண்ணுல படுறது கல் ஏத்திட்டு வர்ற டிப்பர் லாரிதான். சிமெண்ட்டுக்கான சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லெல்லாம் ஒரு காலத்துல கடலடியில கிடந்தது. இந்த ஊர்க் கல்லும் எலும்பும் எந்தெந்த வண்டியில ஏறிப் போச்சுங்கிற கதை இது. நடுவுல ஒரு மாவுக்கட்டு வருது. அதனாலதான் இதை ஒரு டாக்டர் எழுதுறேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையாப் படிங்க.

2/ கதை மாட்டு வண்டியில தொடங்குது. 1840-களில் கே, கன்லிஃப்னு ரெண்டு வெள்ளைக்கார அதிகாரிகள். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்கள்ல நத்தை மாதிரி சுருண்ட கல்லையும் சிப்பிக் கல்லையும் சேகரிச்சு லண்டனுக்கு அனுப்பினாங்க. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல. அதனால பெட்டிகள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுத்தித்தான் போயாகணும். 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து எழுதினார்.

3/ அந்தச் சுருள் கல்லுக்குப் பேர் அம்மோனைட். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம். நம்ம வீட்டுப் பூஜையில வைக்கிற கண்டகி ஆற்றுச் சாளக்கிராமமும் அம்மோனைட் படிவம்தான்.

4/ அடுத்து வந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக 1857 முதல் 1860 வரை இந்தப் பகுதியை அளந்தார். திருச்சிக்கு ரயில் வந்ததே 1862-லதான். அப்ப அவருக்கு வாகனம் என்னவா இருந்திருக்கும்? குதிரை, மாட்டு வண்டி, சொந்தக் கால். பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர்னு மூணு அடுக்காப் பிரிச்சார். 160 வருஷம் தாண்டியும் புவியியல் மாணவர்கள் அந்த ஊர்ப் பேர்களைத்தான் படிக்கிறாங்க.

5/ இந்த பிளான்ஃபோர்டுதான் பிறகு 1875-ல் தொடங்கின இந்திய வானிலைத் துறையோட முதல் தலைவர். இமயமலைப் பனியை வச்சுப் பருவமழையைக் கணிக்கப் பார்த்தவர். இன்னைக்கு நாம பார்க்கிற மழை அறிவிப்புக்கு முன்னோடி, அரியலூர் வெயில்ல கல் பொறுக்கினவர்.

6/ அவர் சேர்த்ததை கல்கத்தாவுல உட்கார்ந்து வகைப்படுத்தி, பல பாகமா 1873 வரைக்கும் வெளியிட்டவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. அடுத்த வருஷமே, யார்க்கண்ட் பயணத்துல இருந்து திரும்பும்போது லடாக்ல இறந்துட்டார். உயரமான மலையில வர்ற நோய்தான் காரணம்னு கருதுறாங்க. வயசு 36. நம்ம ஊர்ச் சிப்பிக்குப் பேர் வச்ச மனுஷனுக்கு லே நகரத்துல நினைவுச் சின்னம் இருக்கு.

7/ இந்தக் கல்லெல்லாம் மாட்டு வண்டிக் குலுக்கலையும் கப்பல் ஆட்டத்தையும் தாங்கிடுச்சு. காரணம், கெட்டியான கடல் படிவம். பிரச்சினை எலும்புல வந்துச்சு.

8/ அரியலூர் மாவட்டத்துல கல்லமேடுன்னு ஒரு ஊர். அங்க இருக்கிறது ஆற்றுப் படிவு, மணலும் களிமண்ணும். டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி, சுமார் 7 கோடி வருஷத்துக்கு முந்தினது. திருச்சி மாவட்டத்து டைனோசர்களைப் பத்தி மேட்லி 1929-லயே எழுதியிருக்கார்.

9/ பிறகு யாதகிரி, அய்யாசாமி என்ற ரெண்டு இந்திய ஆய்வாளர்கள் கல்லமேட்டுல பெரிய எலும்புகளைக் கண்டாங்க. அதுல ஒண்ணு முழங்காலுக்குக் கீழே இருக்கிற டிபியா எலும்பு. நீளம் சுமார் 2 மீட்டர். உங்க டிபியா ஒன்றரை அடிக்கும் கம்மி. 1980-களின் கடைசியில அதுக்கு 'பிருகத்காயோசாரஸ் மேட்லியி'னு பேர் வச்சாங்க. பிருகத்காயம்னா பேருடல். பின்பாதிப் பேர் மேட்லிக்கு மரியாதை.

10/ இப்ப மாவுக்கட்டு. 1850-களின் தொடக்கத்துல மதைசன்னு ஒரு டச்சு ராணுவ டாக்டர், துணியில பாரிஸ் சாந்து தடவி எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் முறையைக் கொண்டு வந்தார். நோக்கம் ஒண்ணுதான்: வண்டி குலுங்கினாலும் எலும்பு அசையக் கூடாது.

11/ 1870-களில் அமெரிக்காவுல டைனோசர் தோண்டினவங்களுக்கும் அதே தலைவலி. குதிரை வண்டியில ஏத்தினா எலும்பு பொடியாகுது. ஸ்டெர்ன்பெர்க்னு ஒருத்தர் 1876-ல் அரிசியைக் குழைய வேகவச்சு, அந்தப் பசையில சாக்குத் துணியை நனைச்சு எலும்பைச் சுத்திக் கட்டினார். ஆமா, நம்ம சோத்துப் பசைதான்! சீக்கிரமே சோறு போய் மாவுக்கட்டு வந்துச்சு. உலகம் முழுக்க இன்னைக்கும் அதே முறை.

12/ கல்லமேட்டு எலும்புகளுக்கும் மாவுக்கட்டு போட்டாங்க. களத்துல எடுத்த படங்கள் 2022-ல் வெளிவந்துச்சு. ஆனா எலும்பு ஏற்கெனவே உளுத்துப் போயிருந்தது. அலுவலகம் போய்ச் சேர்றதுக்குள்ள கட்டுக்குள்ளயே நொறுங்க ஆரம்பிச்சிருச்சு. இன்னைக்கு அந்த எலும்புகள் இல்லை. 2017-ல் இதை ஆய்வாளர்களே பதிவு பண்ணிட்டாங்க.

13/ இழப்பு எவ்வளவு பெருசுன்னு பாருங்க. 2023-ல் வந்த ஒரு மதிப்பீடு, அந்த விலங்கின் எடை 110 முதல் 170 டன் வரை இருந்திருக்கலாம்னு சொல்லுது. உண்மைன்னா நீலத் திமிங்கிலத்தோட போட்டி போடுற தரைவிலங்கு! இன்னொரு பக்கம், "அது எலும்பே இல்லை, கல்லான மரம்"னு சந்தேகப்பட்டவங்களும் உண்டு.

14/ எலும்பு கையில இருந்தா இந்தச் சண்டையைத் தீர்க்கிறது சுலபம். மெல்லிசா ஒரு சீவல் சீவி மைக்ரோஸ்கோப்ல வச்சா, எலும்புக்கே உரிய ரத்தக்குழாய்ப் பாதைகள் வட்ட வட்டமாத் தெரியும். மரம்னா வேற மாதிரி தெரியும். பயாப்சி எடுக்க ஆள் இருக்கு, நோயாளி இல்லை. மிஞ்சினது அளவுகள், வரைபடம், சில படங்கள்.

15/ அதே வட்டாரத்துல இன்னொண்ணு பத்திரமா இருக்கு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்ல கல்லான மரம். 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிஞ்சார். 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி வருஷம். அதை எந்த வண்டியிலும் ஏத்தலை. கிடந்த இடத்திலேயே வேலி போட்டுப் பாதுகாத்தாங்க. இன்னைக்கும் போய்ப் பார்க்கலாம்.

16/ இப்ப கல் ஏத்துற வண்டி டிப்பர். சிமெண்ட் இந்த மாவட்டத்துக்குச் சோறு போடுது, அதைக் குறை சொல்லலை. ஆனா ஒவ்வொரு லோடிலும் சிப்பியும் அம்மோனைட்டும் சேர்ந்து அரைபடுது. சுரங்கத்துல வித்தியாசமான கல் தெரிஞ்சா ஒரு போட்டோ எடுத்து, வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்க. காரைக்குச் சுற்றுலா போறவங்க, கல்லைப் பொறுக்கி கார் டிக்கியில போடாதீங்க. எந்த அடுக்குல கிடந்ததுன்னு தெரியாத கல், பேர் எழுதாத ரத்த சாம்பிள் மாதிரி.

17/ கடைசியா டாக்டரா ஒண்ணு. அதே டிப்பர் ரோட்டுல யாராவது அடிபட்டுக் கிடந்தா, கை காலைப் பிடிச்சுத் தூக்கி ஷேர் ஆட்டோவுல திணிக்காதீங்க. தொடை எலும்பு முறிஞ்சா உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல ரத்தம் போகலாம். குலுக்கக் குலுக்க இன்னும் போகும். முதல்ல 108-க்குப் போன் பண்ணுங்க. ரத்தம் கொட்டினா சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க. முறிஞ்ச காலை அசைக்காம வைங்க. வேற வழியே இல்லாம நீங்களே தூக்க வேண்டி வந்தா, அட்டையோ கட்டையோ வச்சு, முறிவுக்கு மேல ஒரு மூட்டு, கீழ ஒரு மூட்டு சேர்த்துக் கட்டிட்டுத் தூக்குங்க.

18/ கல்லமேட்டுல கட்டுப் போட்டும் காப்பாத்த முடியலை, அது 7 கோடி வருஷத்து எலும்பு. ரோட்டுல கிடக்கிறது இருபது வயசு எலும்பு. கட்டுப் போட்டா பிழைச்சுக்கும். ஷேர் பண்ணுங்க.