பெயரைக் குத்தகைக்கு விடுதல்: வீடியோ விளையாட்டு உரிமங்களும் கடல்கடந்த விற்பனையாளரும்

காணியைக் குத்தகைக்கு விட்டவர் மழை பொய்த்தாலும் குத்தகைப் பணத்தை இழப்பதில்லை. இழப்பு உழுதவரையே சாரும். நிலவுடைமைச் சமுதாயத்துக்குரிய இவ்வழமை, கைத்தொழிற் சமுதாயத்திலே ஒரு பெயருக்கும் ஓர் உருவத்துக்கும் எவ்வாறு பொருந்தலாயிற்று என்பதனை வீடியோ விளையாட்டுக் கைத்தொழிலின் வரலாறு நன்கு புலப்படுத்தும். சீனாவின் சென்சென் நகரிலிருந்து இணையச் சந்தைகளின் வழியாக மேலைநாடுகளுக்குப் பொருள் விற்கும் வணிகர் ஒருவரிடம் விளையாட்டுக் கம்பனியொன்றின் முகவர் சென்று, தமது பாத்திரங்களின் உருவத்தைப் பொறித்து விற்குமாறு அழைப்பு விடுப்பது இன்று புதுமையான செய்தியன்று. ஒரு தலைமுறைக்கு முன்னராயின் அவ்வணிகரை நாடி வந்திருக்கக் கூடியது வக்கீல் அறிவித்தலே. இம்மாற்றத்துக்குக் காரணம் பெயருடையாரின் பெருந்தன்மையா, வணிக நுட்பமா, அன்றி இயலாமையா? வரலாற்றை நோக்கின் மூன்றாவதற்கே சான்றுகள் மிகுதியாக உள.

பெயரை வாடகைக்குப் பெறும் வழக்கத்தை இக்கைத்தொழில் தானாகக் கண்டுபிடித்ததன்று. 1889 இல் யப்பானின் கியோட்டோ நகரிற் சீட்டுக்கட்டுச் செய்யும் நிறுவனமாகத் தோன்றிய நின்டெண்டோ, 1959 இல் டிஸ்னி நிறுவனத்தின் இசைவு பெற்று அதன் சித்திரப் பாத்திரங்களைத் தன் சீட்டுகளில் அச்சிட்டது. அதுவரை சூதாட்டத்தோடு தொடர்புபடுத்தி நோக்கப்பட்ட சீட்டுக்கட்டு, மிக்கி எலியின் தயவால் குழந்தைகள் உள்ள வீடுகளிலும் புகுந்தது. பின்னர் உலகெங்கும் தன் பாத்திரங்களை உரிமத்துக்கு விட்ட ஒரு கம்பனி, முதலிற் பிறர் பாத்திரத்துக்குக் கட்டணம் செலுத்திய குத்தகைக்காரராகவே இத்துறையிற் பயின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1978 இல் டைற்றோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980 இல் நம்கோ வெளியிட்ட 'பாக்மான்' ஆகிய இரண்டும் அமெரிக்காவில் மிட்வே என்னும் கம்பனியின் மூலமே பரவின. கடல்கடந்த சந்தையை அறியாத யப்பானிய நிறுவனங்களுக்கு உள்ளூர்க் கூட்டாளி இன்றியமையாதவராயிருந்தார். பாக்மானின் மஞ்சள் உருவம் விளையாட்டுப் பெட்டியோடு நின்றுவிடாது உடையிலும் உணவுப் பொதியிலும் தொலைக்காட்சிச் சித்திரத்திலும் இடம்பெற்றது. ஆயின் மிட்வே, பயன் பெருகப் பெருக, நம்கோவின் இசைவின்றியே பாக்மான் வழியில் வேறு விளையாட்டுகளையும் வெளியிடத் தலைப்பட்டது. குத்தகைக்கு எடுத்தவர் இரவோடிரவாகக் கதியாலைத் தள்ளி நட்ட கதை இது. இரு நிறுவனங்களின் உறவும் இதனாலே முறிந்தது. எல்லை காகிதத்தில் வரையப்பட்டிருந்தது. காவலுக்கு நிற்க வேண்டியவரோ பசிபிக் சமுத்திரத்துக்கு அப்பால் இருந்தார்.

இவ்வுரிமங்களின் இயல்பைத் துலக்கமாகக் காட்டுவது 1982 இல் எழுந்த கிங் கொங் வழக்காகும். நின்டெண்டோ 1981 இல் வெளியிட்ட 'டொங்கி கொங்' விளையாட்டு அமெரிக்காவிற் பெருவெற்றி பெற்றது. அதிலுள்ள குரங்கு தமது கிங் கொங்கின் சாயல் என யூனிவேர்சல் திரைப்பட நிறுவனம் உரிமை கோரியது. அது முதலில் நெருக்கியது நின்டெண்டோவை மட்டுமன்று. நின்டெண்டோவிடம் உரிமம் பெற்றிருந்த கம்பனிகளையும் நெருக்கியது. வீட்டு விளையாட்டுக் கருவியொன்றை வெளியிட ஆயத்தமாக நின்ற கொலிக்கோ நிறுவனம், வழக்கின் தாமதத்தைத் தாங்கமாட்டாது, விற்பனையில் 3 வீதம் தருவதாக இணங்கிற்று. ஏனைய உரிமதாரரிலும் பெரும்பாலார் பணிந்தனர். அவர்கள் செய்த பிழை யாது? ஒருவரிடம் முறைப்படி பணம் கட்டிப் பெயரை வாங்கியிருந்தனர். அப்பெயருக்கு இன்னொருவர் உரிமை கோரியபோது இரண்டாம் முறையும் பணம் கட்டினர். உறுதியில் வில்லங்கம் உள்ள காணியைக் குத்தகைக்கு எடுத்தவர் நிலையே அவர்கள் நிலையும்.

நின்டெண்டோ பணியவில்லை. 1933 ஆம் ஆண்டுத் திரைப்படத்தைத் தயாரித்த ஆர்.கே.ஓ. நிறுவனத்தோடு 1970களின் நடுப்பகுதியில் நடந்த வழக்கிலே, கிங் கொங் கதை எவருக்கும் தனியுரிமையற்ற பொதுச்சொத்து என வாதாடியிருந்தது இதே யூனிவேர்சல்தான். அவ்வாதத்தை நின்டெண்டோவின் சட்டத்தரணி ஜோன் கேர்பி யூனிவேர்சலுக்கு எதிராகவே திருப்பினார். நியூயோர்க்கில் நீதிபதி றொபேட் சுவீற் நின்டெண்டோவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்; 1984 இல் மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைபெற்றது. 1985 இல் நின்டெண்டோவுக்கு ஏறத்தாழ 18 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்கப்பட்டது. வெற்றிபெற்ற சட்டத்தரணிக்கு நின்டெண்டோ அளித்த பரிசு 'டொங்கி கொங்' எனப் பெயரிட்ட ஒரு பாய்மரப் படகு. பாய்மரப் படகுகளுக்கு அப்பெயரைச் சூட்டும் உரிமையும் அவருக்கே எழுதிக் கொடுக்கப்பட்டதாம். பெயரே செல்வமாகிவிட்ட உலகத்தில் நகைச்சுவையும் உரிமப் பத்திரமாகவே வெளிப்படுகின்றது.

அதே 1982 இல் அற்றாரி நிறுவனம், 'ஈ.ரி.' திரைப்படத்தின் பெயரை விளையாட்டாக்கும் உரிமத்துக்கு 20 மில்லியன் டொலருக்கு மேல் ஈந்ததாகக் கூறப்படுகின்றது. நத்தார்ச் சந்தையைத் தவறவிடலாகாது என்பதால் விளையாட்டு ஏறத்தாழ ஐந்து வாரங்களில் ஆக்கப்பட்டது. பெயர் விற்கும், பொருள் எப்படியிருந்தாலென்ன என்ற நம்பிக்கையில் 40 இலட்சம் அளவிற் செய்து குவித்தனர். விற்காது தேங்கிய ஏனைய சரக்குகளோடு அவ்விளையாட்டின் பிரதிகளும் 1983 செப்ரெம்பரில் நியூ மெக்சிக்கோ மாநிலத்து அலமகோடோ நகரின் குப்பைமேட்டிற் புதைக்கப்பட்டன. 2014 இல் அகழ்ந்தபோது அவை மீண்டும் வெளிவந்தன. உரிமப் பணத்தைப் பெற்றவர் எதனையும் புதைக்க நேரவில்லை.

இனிக் கீழ்த்திசையையும் சோவியத்தின் சிதைவுக்குப் பிந்திய ரஷ்யாவையும் நோக்குதல் வேண்டும். 1992 இன் இறுதியில் மொஸ்கோவின் ஸ்ரீப்லர் நிறுவனம் 'டென்டி' என்னும் விளையாட்டுக் கருவியைச் சந்தைப்படுத்தியது. அது நின்டெண்டோவின் கருவியை அப்படியே பின்பற்றிய படி. நின்டெண்டோவின் மூலக்கருவியோ அங்கு முறைப்படி விற்கப்படவே இல்லை. ரஷ்யச் சிறுவரைப் பொறுத்தவரை படியே மூலமாயிற்று; யானைச் சின்னத்தோடு கடைகளும் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் எழுந்தன. 1994 இல் நிகழ்ந்ததே வியப்புக்குரியது. ஸ்ரீப்லரும் நின்டெண்டோவும் உடன்படிக்கை செய்தன. நின்டெண்டோவின் அடுத்த தலைமுறைக் கருவியை ரஷ்யாவில் விற்கும் உரிமை ஸ்ரீப்லருக்குக் கிடைத்தது; டென்டியைப் பற்றிய முறைப்பாடு கைவிடப்பட்டது. நேற்றுவரை திருடர் எனக் கருதத்தக்கவர் இன்று பங்காளியானார். கடைத்தெருவும் வாடிக்கையாளரும் விளம்பரமும் அவர் கையில் இருந்தன. பெயருடையார் கையில் இருந்ததோ, அந்நாட்டில் எளிதில் நிலைநாட்ட முடியாத ஓர் உரிமை மாத்திரமே. உரிமம் பெயருடையாரின் வலிமையைக் காட்டுவது என்பது பொதுவான எண்ணம். டென்டியின் வரலாறு அதனைத் தலைகீழாக்குகின்றது.

இதே பாடத்தைப் பின்லாந்தின் றோவியோ நிறுவனம் சீனாவிற் படித்தது. 2009 டிசெம்பரில் வெளிவந்த அதன் 'அங்ரி பேர்ட்ஸ்' விளையாட்டின் பறவைகள், இசைவு பெற்ற பொருள்கள் சென்றடையுமுன்னரே சீனச் சந்தையெங்கும் பொம்மைகளாகவும் பைகளாகவும் நிறைந்திருந்தன. 2011 இல் சாங்சா நகரின் கேளிக்கைப் பூங்காவொன்று இசைவின்றியே அவ்விளையாட்டைக் கவண்களோடு மெய்யாக அமைத்தது. 2012 சனவரியில் பிரான்சின் கான் நகரில் நடைபெற்ற இசைத்துறை மாநாட்டிலே றோவியோவின் தலைவர் மிக்கேல் ஹெட், களவுப்படி எப்போதும் தீமையன்று, அது ஈற்றில் வணிகத்தைப் பெருக்கவும் கூடும் என்ற கருத்தை வெளியிட்டார். தீமை பயக்கும் போலிகளை எதிர்ப்போம் என்றும் அவர் கூறத் தவறவில்லை. இக்கூற்றைத் தாராள மனப்பான்மை எனப் புகழ்ந்தோர் உளர். ஆயினும் கணக்கு வேறொன்றைச் சொல்கின்றது. 2012 இல் றோவியோவின் வருமானமாகிய 152 மில்லியன் யூரோவில் 45 வீதம் பொம்மை, உடை முதலிய நுகர்பொருள்களிலிருந்தே வந்தது. விளையாட்டைக் காட்டிப் பெயரை விற்கும் நிறுவனமொன்றுக்கு, அப்பெயரை ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பவர் பகைவராக மட்டும் தோன்ற முடியாது.

இணையச் சந்தை இவ்வுறவை மேலும் சிக்கலாக்கியது. அமேசன் 2000 நவம்பரில் தன் தளத்தை வெளியாருக்குத் திறந்தது. 2001 டிசெம்பரிற் சீனா உலக வர்த்தக நிறுவனத்திற் சேர்ந்தது. காலப்போக்கிற் சென்சென் வணிகர் இடைத்தரகர் பலரைத் தவிர்த்து நேரடியாக அமெரிக்க நுகர்வோருக்கு விற்கலாயினர். அயலிலுள்ள தொழிற்சாலைகளிலிருந்து ஒரே வகைப் பொருளைப் பலரும் வாங்கி விற்கும் சூழலில் விலைக்குறைப்பைத் தவிர வேறு போட்டி இல்லை. விளையாட்டுக் கம்பனியின் முகவர் கதவைத் தட்டுவது இவ்விடத்திலேயே. அவர் தருவது பாத்திர உருவங்கள், அவற்றைப் பயன்படுத்தும் விதிகள், குறித்த காலம், குறித்த நாடுகள். கேட்பது விற்பனையில் ஒரு வீதம். அதற்கு மேலாக, விற்றாலும் விற்காவிட்டாலும் செலுத்த வேண்டிய குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை. குத்தகையின் பழைய இலக்கணம் இத்தொகையிலேயே உயிர்வாழ்கின்றது. நாடுகளைப் பிரித்தெழுதும் வாசகமோ, ஒரே கடை பல நாடுகளுக்கும் திறந்திருக்கும் இணையத்திற் காவல் காப்பதற்கரியது. சந்தை நடத்துவோரே தரகராவதும் உண்டு. அலிபாபா குழுமத்தின் அலிஃபிஷ் என்னும் பிரிவு பொக்கிமொன் போன்ற பெயர்களைச் சீன வணிகரோடு இணைத்து வைக்கின்றது.

அவ்வணிகரின் நிலை எத்துணை நொய்தானது என்பதனை 2021 காட்டியது. விலைக்கு வாங்கிய பாராட்டுரைகள் முதலிய விதிமீறல்களைக் காரணங்காட்டி, சீன விற்பனையாளரின் 600 க்கு மேற்பட்ட வணிகப் பெயர்களையும் ஏறத்தாழ 3,000 கணக்குகளையும் அமேசன் மூடியது. விதியை மீறியோர் தண்டிக்கப்பட்டமை குறித்து வாதமில்லை. ஆயின் பல்லாண்டாகக் கட்டியெழுப்பிய கடை தம்முடையதன்று என்பதை அவர்கள் அன்று உணர்ந்தனர். இத்தகைய வணிகர் விளையாட்டுப் பெயரையும் உரிமத்துக்கு எடுப்பாராயின் கடையும் குத்தகை, பெயரும் குத்தகை. அவருக்குச் சொந்தமாக எஞ்சுவது சரக்கு மாத்திரமே.

பெயர்களோ நிலைப்பதில்லை. அங்ரி பேர்ட்ஸ் பொருள்களின் விற்பனை சில ஆண்டுகளிலேயே தளர, 2014 இலும் 2015 இலும் றோவியோ ஊழியரைக் குறைத்தது; 2023 இல் யப்பானின் சேகா நிறுவனம் ஏறத்தாழ 706 மில்லியன் யூரோவுக்கு அதனை வாங்கியது. தளர்ந்த பெயருக்கும் உடைமையாளருக்கு அத்துணை விலை கிடைத்தது. உரிமம் பெற்ற வணிகருக்கோ, காலம் முடிந்தபின் எஞ்சிய சரக்கை விற்றுத் தீர்க்கச் சில மாதத் தவணை அளிப்பதே இத்தகைய ஒப்பந்தங்களின் வழமை. தவணை கடந்தபின் விற்றால் அதுவும் போலியாகவே கொள்ளப்படும். பெட்டிகளை அழித்துவிட வேண்டும். அவை கடலுக்கு அப்பாலுள்ள பண்டகசாலையில் இருக்குமாயின், அழிக்கும் நாள்வரை அவற்றுக்கான வாடகையையும் அவரே செலுத்துவார்.