கடலில் மூடி, வானில் திறந்து

புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை சொல்கிறது. பீலிவளை பெற்ற மகனைக் கடலில் இழந்த துயரில் சோழ மன்னன் இந்திர விழாவை மறந்தான். அதனால் ஊர் கடலுள் மறைந்தது என்பது கதை. இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் எழும்: அங்கே இப்போது என்ன இருக்கிறது? அதைக் கண்ணால் கண்டவர் மிகச் சிலர். ஏனைய நமக்கெல்லாம் அவர்கள் எடுத்து வந்த புகைப்படங்களே சான்று. நிலத்தில் உள்ள கல்வெட்டை ஐயுறுபவர் நேரே போய்ப் படித்துக்கொள்ளலாம். வேண்டுமானால் மைப்படி எடுத்துக்கொள்ளலாம். 23 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கல்லுக்கு அந்த வசதி இல்லை. எனவே நீரடிப் புகைப்படக் கருவி பழுதில்லாமல் ஊர் போய்ச் சேர்வது, பயணியின் கவலை என்பதோடு வரலாறு எழுதுவோரின் கவலையும் ஆகிறது. அந்தக் கருவியைச் சுமந்த பெட்டியின் கதையைத்தான் இங்கே பேசப் புகுகிறோம்.

பெட்டியே கருவி என்றிருந்த காலமும் உண்டு. 1893இல் பிரான்சின் தென்கரையில் பன்யூல்ஸ் என்னும் ஊரில், லூயி பூதான் என்ற உயிரியலாளர் தம் சகோதரரின் துணையோடு ஒரு செப்புப் பெட்டியைச் செய்வித்து அதனுள் புகைப்படக் கருவியை வைத்துக் கடலுக்குள் இறக்கினார். அப்பெட்டியோடு காற்றடைத்த ரப்பர்ப் பை ஒன்று இணைந்திருந்தது. ஆழம் கூடக் கூட நீர் அந்தப் பையை அமுக்கும். பையின் காற்று பெட்டிக்குள் புகும். உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகும். பெட்டியைத் தடிமனாக்கிக் கடலை எதிர்க்காமல், கடலின் அழுத்தத்தையே உள்ளே வாங்கிக்கொள்ளச் செய்த இந்த யோசனை இன்றும் வியக்க வைக்கிறது. ஒரு படத்துக்கு அரைமணி நேரம் வரை பிடித்ததாம். பின்னர் அவர் செய்த பெரிய இரும்புப் பெட்டியைத் தூக்கவே பல ஆட்கள் தேவைப்பட்டனர். நீருக்குள் அதன் பாரத்தைக் குறைக்க ஒரு பீப்பாயை மிதவையாகக் கட்டினார்கள். ஆய்வகமும் கடலும் அருகருகே இருந்தமையால் பூதானுக்குப் பயணம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

நெடும்பயணம் குறுக்கிட்டது அடுத்த நூற்றாண்டில். தமிழருக்கு மிக நெருக்கமான நிகழ்வு ஒன்று அதில் இருக்கிறது. 1954 டிசம்பரில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் ஆஸ்திரேலியப் பவளத்திட்டுகளில் முக்குளிப்பதற்காக லண்டனிலிருந்து ‘ஹிமாலயா’ என்ற கப்பலில் புறப்பட்டார். வழியில் கொழும்பில் கப்பல் நின்றது. இலங்கையின் முக்குளிப்பு முன்னோடி ரொட்னி ஜொங்க்ளாஸ் அங்கே அறிமுகமானார். 1956இல் கிளார்க்கும் அவருடைய கூட்டாளியான புகைப்படக் கலைஞர் மைக் வில்சனும் இலங்கைக்கே வந்துவிட்டனர். அவ்வாண்டில் திருகோணமலையின் சுவாமி மலை அடிவாரக் கடலில் அவர்கள் முக்குளித்தபோது கண்டவை தூண்களும் செதுக்கிய கற்களும். 1622இல் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய திருக்கோணேசுவரத்தின் எச்சங்கள் அவை. சம்பந்தர் பதிகம் பெற்ற தலம் ஒன்று முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீருக்கடியில் கிடந்தது. அதன் கற்களை உலகம் படமாகப் பார்த்தது அதன் பின்னரே. மறு ஆண்டு வெளிவந்த ‘தி ரீஃப்ஸ் ஆஃப் டேப்ரோபேன்’ நூலில் கிளார்க் இதை எழுதினார்.

(வில்சனின் பிற்காலம் தனிக்கட்டுரைக்கு உரியது. 1962இல் முழுநீள வண்ணப் படமாக வந்த ‘ரன் முத்து தூவ’ என்ற சிங்களத் திரைப்படத்தை இயக்கி, நீரடிக் காட்சிகளைத் திரைக்குக் கொண்டுவந்தவர் அவரே. பின்னர் அனைத்தையும் விட்டுத் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி என்ற பெயரில் கதிர்காமத்துக் கந்தனுக்கு அடியவரானார். கோணேசர் கடலுக்குள் இறங்கிய மனிதர் அப்படியே திரும்பி வரவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க இயலாத எண்ணம்தான்.)

கப்பலில் வரும் பெட்டிக்கு எடைக் கவலை குறைவு. மரப்பெட்டியில் வைக்கோலைத் திணித்து ஆணி அடித்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பல் கடல்மட்டத்திலேயே செல்கிறது. கருவி புறப்பட்ட இடத்திலும் சேருமிடத்திலும் வழியிலும் காற்றழுத்தம் ஒன்றே. விமானம் வந்த பிறகுதான் இந்த நிலை மாறியது. மாற்றத்தைப் புரிந்துகொள்ள ஒரு சிறு ரப்பர் வளையத்தை அறிய வேண்டும்.

‘ஓ ரிங்’ என்று குழாய் வேலை செய்வோரும் மோட்டார் மெக்கானிக்குகளும் சொல்லும் அந்த வளையத்துக்குக் காப்புரிமை பெற்றவர் நீல்ஸ் கிறிஸ்டன்சன். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். 1937இல் விண்ணப்பித்தபோது அவர் எழுபதைக் கடந்திருந்தார். ஒரு பள்ளத்தில் வளையத்தை இட்டு மூடியை வைத்தால், வெளியிலிருந்து வரும் அழுத்தமே வளையத்தைப் பள்ளத்தின் மூலைக்குள் தள்ளி இடைவெளியை அடைத்துவிடும். கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மேற்பரப்பைப் போல் நான்கு மடங்கு. ஆழம் கூடக் கூட மூடி இறுகும். அதனால் நீர்புகாக் கூட்டின் கொக்கிகள் பெரும்பாலும் மெல்லியவை. மூடியை அதன் இடத்தில் நிறுத்தி வைத்தால் போதும், இறுக்கும் வேலையைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

விமானத்தில் இது அப்படியே தலைகீழாகிறது. பயணிகள் அமரும் பகுதியிலும் கீழே பெட்டிகள் கிடக்கும் பகுதியிலும் காற்றழுத்தம் தரையில் உள்ளதைப் போல் முக்கால் பங்குக்குக் குறையாமல் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதற்கு இது சமம். கொடைக்கானல் ஏறும் பேருந்தில் சிப்ஸ் பொட்டலம் உப்பிக்கொள்வதைக் கண்டவர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை. சென்னையில் இறுக மூடிய கூட்டுக்குள் தரையின் காற்று சிறைப்பட்டிருக்கிறது. வானில் அது வெளியே தள்ளப் பார்க்கிறது. பின்மூடியின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்று கொண்டால் அதன் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ என்று கணக்கிட்டால் 75 கிலோவுக்கும் மேல். உள்ளிருந்து ஓர் ஆள் தன் முழு எடையோடு மூடியை உந்துவதற்கு ஒப்பு. கொக்கி நெளியலாம், கண்ணாடிக் குமிழ் தன் இடத்திலிருந்து நழுவலாம், வளையம் பள்ளத்தை விட்டுப் பிதுங்கலாம். காற்று கசிந்து வெளியேறிவிட்டால் தரையிறங்கியபின் வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் திறக்காது.

ஆகவே அனுபவமுள்ளோர் பறப்பதற்கு முன் பெரிய வளையத்தைக் கழற்றி விடுகிறார்கள். சிலிகான் கிரீஸ் குழாயோடு அதைச் சிறு உறையில் தனியே வைப்பர். வேறு சிலர் வளையத்தைக் கழற்றாமல் மூடியின் விளிம்பில் மெல்லிய துணியை இடுக்கிக் காற்றுக்கு வழி விடுவர். அழுத்தச் சோதனைக்காகக் கூட்டிலுள்ள காற்றைப் பம்பால் உறிஞ்சும் வகைக் கூடுகளில் அந்தத் திருகைத் திறந்து வைத்தாலே போதும். கடலுக்காகவே மூடப் பிறந்த பெட்டி வானில் திறந்து கிடக்க வேண்டியிருக்கிறது. குஸ்தோவின் தேவைக்காக ஜான் தெ வூட்டர்ஸ் வடிவமைத்துப் பின்னர் 1963 முதல் ‘நிக்கோனோஸ்’ என்ற பெயரில் நிக்கான் விற்ற கருவிக்குத் தனிக் கூடு வேண்டியதில்லை, கருவியே கூடு. ஆனால் வளையங்கள் அதற்கும் உண்டு. 1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து எழுவர் மாண்டதும் குளிரில் விறைத்த ஓ ரிங்கினால்தான். இவ்வளவு எளிய பொருளின்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறோம்.

நாம் வசிக்கும் ஆவடி முத்தாபுதுப்பேட்டைக்குக் கடல் அண்டைவீடு அன்று, விமானப்படைதான் அண்டைவீடு. மாற்றலாகிப் போகும் விமானப்படைக் குடும்பங்களின் கறுப்புத் தகர டிரங்குப் பெட்டிகளும் அவற்றின்மேல் வெள்ளை வண்ணத்தில் எழுதிய பெயரும் பதவியும் இப்பகுதியினர் நன்கறிந்த காட்சி. கண்ணாடிப் பொருளைக் கம்பளியில் சுற்று, பளுவானதை அடியில் வை, குலுக்கினால் ஓசை வரக் கூடாது என்ற அந்தப் பெட்டி கட்டும் கலை அப்படியே நீரடிக் கருவிக்கும் பொருந்தும். முக்குளிக்கும் ரப்பர் உடையைவிட நல்ல கம்பளி ஏது? பெயரைப் பெரிதாக எழுதுவது மட்டும் பொருந்தாது. விலையுயர்ந்த பொருள் உள்ளே இருப்பதைப் பறைசாற்றும் பெட்டி திருடர் கண்ணில் முதலில் படும். இதற்காகவே சிலர் பிக்னிக்குக்குக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியில் கருவியை அடுக்குகின்றனர். பார்ப்பவர் மீனோ குளிர்பானமோ என்று நினைப்பர். போய்ச் சேர்ந்தபின் அதிலேயே நல்ல தண்ணீர் நிரப்பிக் கருவியின் உப்பைக் கழுவலாம். கடினப் பெட்டிகளில் பெயர்பெற்ற பெலிக்கன் நிறுவனத்தை 1976இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டேவ் பார்க்கரும் முக்குளிப்பவர்தான். அந்தப் பெட்டிகளிலும் நீரை விடாமல் காற்றை மட்டும் விடும் சிறு வால்வு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதுவும் இதே அழுத்தச் சிக்கலுக்காகவே.

மின்கலங்களின் வரலாறு இதைவிடக் கடுமையானது. 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் மின்கலம் நீரடி விளக்குகளையும் ஃபிளாஷ்களையும் சிறிதாக்கியது. 2010 செப்டம்பர் 3இல் துபாயில் லித்தியம் மின்கலங்களையும் ஏற்றிச் சென்ற யூபிஎஸ் சரக்கு விமானம் தீப்பற்றி விழுந்து விமானிகள் இருவர் மாண்டனர். 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானங்களில் இவற்றைத் தனிச் சரக்காக ஏற்றுவதையே நிறுத்தினார்கள். உபரி மின்கலங்களைக் கையோடு மட்டுமே கொண்டுசெல்லலாம். சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட் மணிக்கு மேல் 160 வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனி உறையில் வைப்பது நல்லது. முக்குளிப்பு விளக்கு நீரால் குளிர்வதற்கென்று செய்யப்பட்டது. பைக்குள் தற்செயலாக எரியத் தொடங்கினால் துணி பொசுங்கும். அதனால் விளக்கினின்று மின்கலத்தைப் பிரித்தே கொண்டுபோக வேண்டும்.

உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோ சரக்குப் பெட்டி, 7 கிலோ கைப்பை என்ற கணக்குக்குள் இவற்றையெல்லாம் அடக்குவது தனிக் கலை. கருவி, வில்லை, கண்ணாடிக் குமிழ், மின்கலம் ஆகியவை கையோடு. கூடு, உலோகக் கைகள், கவ்விகள் ஆகியவை கீழே என்பது வழக்கமான பிரிவினை. வெளிநாடு போகிறவர்கள் புறப்படும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால் திரும்பும்போது சொந்தப் பொருளுக்கே தீர்வை கட்டும் தொல்லை இல்லை.

இனி மீண்டும் நம் கடலுக்கு. 1991இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தினர் பூம்புகாருக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் அப்பால், 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பைக் கண்டனர். 1993இல் மீண்டும் இறங்கிப் பார்த்தனர். பின்னாளில் அங்கே முக்குளித்த கிரகாம் ஹான்காக் அது 11,000 ஆண்டுக்கு முற்பட்டது என்றார். தொல்லியலாளர் பலரும் ஏற்கவில்லை. 2002 ஏப்ரலில் அதே நிறுவனமும் பிரிட்டனிலிருந்து வந்த அறிவியல் ஆய்வுக் குழு ஒன்றும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்களையும் சிதறிய கற்களையும் கண்டு படமெடுத்தன. மனிதர் கட்டியதா, இயற்கை அமைத்ததா, எக்காலத்தது என்ற வாதங்களைப் படம் மட்டும் தீர்த்துவிடாது. ஆனால் அளவுகோல் வைத்து எடுத்த தெளிவான படம் இல்லாவிட்டால் வாதம் நம்பிக்கையாகச் சுருங்கிவிடும். நம்மவர் குமரிக்கண்டத்தை வைத்துப் பட்ட பாடு போதாதா?

சோழமண்டலக் கரையில் நீர் தெளிந்து, அலை அடங்கி முக்குளிக்க வாய்க்கும் காலம் ஏறக்குறைய பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அதற்குள்ளும் கலங்கல் வந்துவிட்டால் கை நீட்டினால் கை தெரியாது. பழுதான கருவியோடு வந்து இறங்கும் குழு அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேரலாம். அதனால் மூத்த முக்குளிப்பாளர் ஊர் சேர்ந்ததும் உடனே கருவியைப் பொருத்துவதில்லை. வளையத்தை விரலால் தடவி மணலோ மயிரோ இருக்கிறதா என்று பார்த்து, கிரீஸ் இட்டுப் பள்ளத்தில் அமர்த்துகிறார்கள். உள்ளே கருவிக்குப் பதில் ஒரு டிஷ்யூ காகிதத்தை வைத்து மூடி, விடுதிக் குளியலறை வாளியில் கூட்டை அமிழ்த்திப் பிடிக்கிறார்கள். அரைமணி கழித்துத் திறந்து பார்ப்பது அந்தக் காகிதம் நனைந்திருக்கிறதா என்பதைத்தான்.