மடைப்பள்ளியும் ஏரிமடையும்: ‘மடையன்’ என்னும் வசைச்சொல்லின் வரலாறு

முன்னுரை

அறிவு குறைந்தவர் என இகழும் சொற்களுள் ‘மடையன்’ இன்றும் பெருவழக்காக உள்ளது. ஏரிமடையைத் திறந்து மூடிய தொழிலாளரின் பெயரே இவ்வாறு இழிந்தது என்பர் சிலர். மடைப்பள்ளியில் சமைத்தவரின் பெயர் என்பர் வேறு சிலர். ஏரிகளும் கோயில்களும் நிறைந்த காஞ்சிபுர வட்டாரத்தில் இவ்விரு விளக்கங்களும் எளிதில் ஏற்கத்தக்கனவாகத் தோன்றும். இவை சொல்வரலாற்றோடு பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலைப்பெயர் வசையாதல்

சமூக நிலையைக் குறித்த சொல் வசையாவது பிற மொழிகளிலும் உண்டு. ஆங்கிலத்தின் ‘இடியட்’, பொதுப்பணி வகிக்காத தனியாளைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பின்னர் அது சட்டச் சொல்லாகி, 1912ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டத்திலும் இடம்பெற்றது. ஆயினும் இத்தகைய மாற்றம் நிகழக்கூடியது என்பதே, ‘மடையன்’ என்ற சொல்லில் அது நிகழ்ந்தது என்பதற்குச் சான்றாகாது.

மடையும் மடமும்

‘மடை’ நீர் செல்லும் வாயிலையும், சோறு, தெய்வத்திற்குப் படைக்கும் உணவு ஆகியவற்றையும் குறிக்கும். மந்தாரை இலை இட்ட மூங்கில் குடலையில் இட்லி அவிக்கும் வரதராசப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியின் பெயர் பின்னைய பொருளில் அமைந்தது. சமையற்காரரைக் குறிக்கும் ‘மடையன்’ இதன்வழிப் பிறந்தது.

வசைச்சொல்லின் வேர் ‘மடம்’ என்பதாகும். அறியாமை என்னும் இதன் பொருள் மிகத் தொன்மையானது. புறநானூற்று 106ஆம் பாடலில் கபிலர், அறிவற்றோரை ‘மடவர்’ என்கிறார். எனினும் மடம் எப்போதும் இகழ்ச்சியன்று. பேகனைப் பாடும் 142ஆம் பாடலில் பரணர், வரையறையின்றி வழங்குதலைக் ‘கொடைமடம்’ எனப் புகழ்கிறார். தொல்காப்பியக் களவியல் மடத்தைப் பெண்ணின் இயல்புகளுள் ஒன்றாக வைக்கிறது. ஒரே சொல் வள்ளலுக்குப் புகழாகவும் பெண்ணுக்கு இலக்கணமாகவும் பிறருக்கு இழிவாகவும் நின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ‘மடையன்’ வசையாக நிலைபெற்றிருந்ததை வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதை காட்டும். அதில் சீடர் ஐவர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். மிலேச்சன் நீங்கலான பெயர்கள் யாவும் அறிவின்மையையே சுட்டுகின்றன. அவ்வரிசையில் மடையனும் நிற்பது, அப்பெயர் தொழில் குறித்ததன்று என்னும் கருத்துக்கு வலுவூட்டுகிறது.

ஏரித்தொழிலாளரும் சொல்லாய்வும்

நீர் பங்கிட்டோர் நீர்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் எனப் பல பெயர்களால் வழங்கப்பட்டனர். ஏரிப் பராமரிப்புக்கு அன்று இருந்த மதிப்பை முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) காட்டுகின்றன; அவை ஏரி வாரியத்திற்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன.

முடிவுரை

‘மடையன்’ என்னும் வசை மடத்திலிருந்து வந்தது. ஏரிமடையும் மடைப்பள்ளியும் ஒலியொப்புமையால் அதனோடு இணைக்கப்பட்டன. இழிவுற்ற உழைப்பிற்குப் பெருமை மீட்டளிக்கும் விருப்பமே இவ்விணைப்பிற்கு வலிமை தருகிறது. அவ்விருப்பம் நியாயமானது. ஆனால் அப்பெருமைக்குக் கல்வெட்டுச் சான்றுகள் இருக்க, பிழையான சொற்பிறப்பை அதற்கு ஆதாரமாக்குவது உழைப்போரின் வரலாற்றையே ஐயத்திற்கு உள்ளாக்கிவிடும்.