தீர்த்து எழுதிய சீட்டு

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் உறவினர் ஒருவரின் பழைய வீட்டைப் பிரித்தபோது தகரப் பெட்டியொன்றில் ஒரு முத்திரைத்தாள் கிடைத்தது. தமிழ் வாத்தியார் என்பதால் படித்துச் சொல்லும்படி என்னிடம் தந்தார்கள். 1983ஆம் ஆண்டுத் தேதி. கணவனும் மனைவியும் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் மனமொத்துப் பிரிவதாக எழுதி, அவர் கையொப்பமும் அவள் கைரேகையும் இட்டிருந்தனர். சீர்ப் பாத்திரங்கள், சிறிது நகை, ரொக்கம் ஆகியன பெற்றுக்கொள்ளப்பட்டன. இனி ஒருவர்மேல் ஒருவருக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை. எனக்குப் பெரியம்மை முறையான அவர், சாகும்வரை இதைத் 'தீத்துவிட்ட சீட்டு' என்றே சொல்லிவந்தாராம்.

தீர்த்துவிடுதல், அத்துவிடுதல் இரண்டுமே நெல்லைச் சீமையின் பழைய வழக்குகள். கடனைத் தீர்ப்பதற்கும் மணத்தைத் தீர்ப்பதற்கும் ஒரே வினை. 'விவாகரத்து' என்பதோ வடமொழி விவாகமும் அரபி வழிவந்த ரத்தும் கூடிய நீதிமன்றச் சொல். (நம் சட்டத்தமிழின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு சொல்லை வைத்தே எழுதிவிடலாம்.)

இந்து மணம் பிரிக்கவொண்ணாதது என்பது தர்மசாத்திரத்தின் நிலை. ஊர் வழக்கம் அதைப் பொருட்படுத்தியதில்லை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில், சாதியார் முன்னிலையில் கணவன் மனைவிக்கு ஒரு துரும்பைக் கொடுத்தால் உறவு முடிந்தது என்ற வழக்கம் பதிவாகியுள்ளது. துரும்புக்குப் பின்னால் கணக்கு இருந்தது. யார் பிரிய விரும்பினார், பரிசம் யாருக்குத் திரும்பும் என்பதைப் பஞ்சாயத்துப் பேசி முடித்தது. 1894இல் சென்னை உயர் நீதிமன்றம், இருவரும் இசைந்து, ஒருவர் மற்றவருக்கு மணச்செலவைக் கொடுத்துப் பிரிவதும் மறுமணம் செய்வதும் சாதி வழக்கமாக இருக்குமானால் அதில் ஒழுக்கக்கேடு ஏதுமில்லை என்று தீர்ப்பளித்தது.

தென்காசியிலிருந்து சில மைல் மேற்கே போனால் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை அது மலையாள ஆட்சிப் பகுதி. அங்கே கதை வேறு. திருவிதாங்கூரின் 1925ஆம் ஆண்டு நாயர் சட்டம், கணவனும் மனைவியும் பதிவு செய்த பத்திரத்தின் மூலமே மணத்தை முறித்துக்கொள்ள இடம் தந்தது. நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி வேளாளரிடம் விலக்குச் சீட்டுக்கு 'விடுமுறி' என்றே பெயர். எல்லைக் கல்லுக்கு அந்தப்பக்கம் சர்க்கார் ஏட்டில் ஏறிய காகிதம், இந்தப்பக்கம் தகரப் பெட்டியில் கிடந்தது.

சென்னை மாகாணம் 1949இல் இருதாரத் தடையோடு மணவிலக்கையும் சட்டமாக்கியது. 1955இல் இந்து திருமணச் சட்டம் வந்தது. அதன் 29(2)ஆம் பிரிவு, வழக்கத்தின்படி மணவிலக்குப் பெறும் உரிமையைக் காப்பாற்றியது. பரஸ்பர சம்மத மணவிலக்கு 1976இல்தான் சேர்க்கப்பட்டது. ஊரார் நெடுங்காலம் செய்துவந்ததை நாடாளுமன்றம் கண்டுபிடிக்க அத்தனை காலம் ஆயிற்று. ஆனால் வழக்கம் என்று சொன்னால் போதாது, அதை முன்வைப்பவர் மெய்ப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், அத்தகைய வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று 2005இல் உச்ச நீதிமன்றம் விலக்குப் பத்திரத்தை ஏற்க மறுத்தது.

சீட்டை எழுதியவர்கள் அறியாத கண்ணி இன்னொன்று உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு (2024 ஜூலை முதல் அதன் இடத்தில் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவு), பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது. நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மத மணவிலக்குப் பெற்றவளுக்கோ அந்தத் தடை பொருந்தாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, முறையாக விலகியவள் பராமரிப்புக் கேட்கலாம்; 'மனமொத்து' என்ற ஒரு சொல்லுக்குக் கீழே ரேகை வைத்தவள் மணவிலக்கும் பெறாமல் ஜீவனாம்சமும் இழந்து நிற்கக்கூடும். இன்றைய நீதிமன்ற ஒப்பந்தத்தில் இந்த ஓட்டை குறைவு. தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 1991இலேயே சொல்லப்பட்டுவிட்டது. ஆறுமாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்றது 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நகையும் ரொக்கமும் மட்டும் அன்றுபோலவே பட்டியலாகின்றன.

பெரியம்மையின் கணவர் பிறகு மறுமணம் செய்துகொண்டு, அவருக்கு முன்பே இறந்துபோனார். உயில் எழுதவில்லை. நான் படித்து முடித்ததும் பெரியம்மையின் மகள் கேட்டாள்: "அப்பம் எங்கம்மைக்கு அந்த வீட்ல பங்கு உண்டாண்ணே?"

மகள் என்ற முறையில் அவளுக்குரிய பங்கை எந்தச் சீட்டும் தொடாது என்று முதலில் சொன்னேன். தாயின் பங்கு, அவர் மனைவியாகவே விதவையானாரா என்பதைப் பொறுத்தது. அது இந்தத் தாள் செல்லுமா என்பதில் நிற்கிறது. தாள் செல்லுமா என்பது வழக்கம் உண்டா என்பதில் நிற்கிறது. சாட்சிக் கையெழுத்திட்ட நால்வரில் ஒருவர் இன்னும் இருக்கிறார், தொண்ணூறை நெருங்குகிறவர். வரும் ஞாயிறன்று அவரைப் பார்க்கப் போகிறோம்.