தோள் தழும்புக்குப் பின்னால் ஒரு பசு

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் பிறக்கும் குழந்தைக்கும் கள்ளக்குறிச்சி நகரில் பிறக்கும் குழந்தைக்கும் முதலில் போடும் தடுப்பூசிகளில் ஒன்று, காசநோய்க்கு எதிரான பிசிஜி. இடது தோளில் சிறு தழும்பாக நிற்கும் அந்த மருந்துக்கு மூலம் ஒரு பசு. பிரான்சில் மடியில் காசநோய் கண்ட பசுவின் பாலிலிருந்து கிருமியைப் பிரித்தார் கால்நடை மருத்துவர் நோக்கார். ஆய்வாளர்கள் கால்மெட்டும் குவெரினும் அதை மாட்டுப் பித்தநீரில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டின்மேல் 1908 முதல் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, வீரியம் போக்கினார்கள். 1948-இல் அந்த மருந்தைத் தயாரிக்கும் கூடம் கிண்டிக்கு வந்தது.

மாட்டுக் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று 1901-இல் லண்டனில் சொன்னவர், காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் காக். பிரிட்டிஷ் அரச ஆணையம் 1911-இல் அதை மறுத்தது. 1971-இல் குளோஸ்டர்ஷயரில் செத்துக் கிடந்த பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கிடம் அதே கிருமி அகப்பட்டது. மாட்டுக்கு நோய் தருவது காட்டு விலங்கு என்ற வழக்கு அன்று தொடங்கி இன்னும் முடியவில்லை.

நம் பக்கத்துக் கதை வேறு. 2018 அக்டோபரில் தொடங்கி ஆறு மாதம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளின் 940 மாதிரிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். உலகம் மாட்டுக் காசநோய்க்குக் காரணமாகச் சொல்லும் ‘போவிஸ்’ ஒன்றில்கூட இல்லை. ஏழில் இருந்தது ‘ஓரிஜிஸ்’ என்ற அதன் உறவுக்காரக் கிருமி. சென்னை மாடுகளிலும், அங்குள்ள மான்களிலும்கூட அது கண்டறியப்பட்டிருக்கிறது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தெரியாமல் மானை மட்டும் கைகாட்டுவது நியாயமில்லை.

கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அரசின் கை எட்டியதே பிந்தித்தான். மலையாளிப் பழங்குடி மக்களின் மாடுகள் மேயப் போகும் காட்டில் காட்டுப்பன்றியும் உண்டு. ஒரே சுனையில் எல்லாம் வாய் வைக்கும். மாட்டைச் சோதிப்பது கடினமல்ல. கழுத்தில் மயிரை மழித்து, தோலுக்குள் டியூபர்குலின் ஊசி போட்டு, 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளக்க வேண்டும். தோலின் கனம் 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கூடியிருந்தால் சந்தேகம்.

பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் பல வீடுகளைக் காத்திருக்கிறது. ஆனால் தொழுவத்தில் மாட்டோடு மூச்சைப் பகிர்ந்து படுப்பவரை அது காக்காது. மலைக்குத் தெற்கே, தலைவாசலில் 2021 முதல் பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஊசியும் அளவுகோலும் முதலில் ஏற வேண்டியது இந்த மலைக்குத்தான்.