செம்பனையும் சிறுவண்டும்

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848ஆம் ஆண்டில் நான்கு கன்றுகள் சாவகத் தீவின் போகோர் தாவரவியல் பூங்காவை அடைந்தன. 1917இல் ஹென்றி ஃபொகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் அதனை வாணிகப் பயிராக நட்டார். மரம் மலாயாவில் வேரூன்றியது. ஆனால், தாயகத்தில் அதனோடு கூடி வாழ்ந்த துணையொன்று உடன் வரவில்லை. அதனை உணர ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.

செம்பனை ஒரே மரத்தில் ஆண்பாளையையும் பெண்பாளையையும் வெவ்வேறு காலத்தில் ஈனும். ஆதலின் ஒரு மரத்தின் மகரந்தம் மற்றொரு மரத்தின் பெண்பூவை அடைதல் வேண்டும். சூலகமுடியில் படிந்த மகரந்தத்துகள் முளைத்து, நுண்ணிய குழலொன்றை உள்ளே செலுத்தும். ஆணணுக்கள் அக்குழல் வழியாகவே சூலைச் சென்றடையும். இச்சேர்க்கை குறைந்தால் குலை நிறையாது, எண்ணெயும் குறையும்.

இப்பணியைக் காற்றே செய்வதாக அக்காலத்தார் கருதினர். காற்றினால் ஆகாததைக் கைகளால் செய்ய முனைந்தனர். ஆண்பாளையின் மகரந்தத்தைச் சேர்த்து, டால்க் பொடியுடன் கலந்து, பெண்பாளைதோறும் ஊதினர். பெண்பூ மலர்ந்திருப்பது சில நாள்களே. எனவே, அதே நிரையை மீண்டும் மீண்டும் சுற்றி வரவேண்டும். மட்டை முள்ளுக்கிடையே பாளை தேடி அலைந்தோருள் தமிழ்ப் பெண்களும் இருந்தனர்.

மலாயாவிலும் சபாவிலும் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன் என்னும் தோட்ட அதிகாரி கெமரூன் நாட்டில் வேறொரு காட்சியைக் கண்டார். அங்கே எவரும் ஊதாமலே குலைகள் நிறைந்திருந்தன. ஆண்பாளைகளில் சிறுவண்டுகள் மொய்த்தன. ரஹ்மான் சையது என்னும் பூச்சியியல் அறிஞர் அவ்வண்டுகளை அங்கேயே ஆராய்ந்தார். மூக்கு நீண்ட அவ்வண்டு ஆண்பாளையில் உண்டு, முட்டையிட்டுப் பெருகும். பெண்பாளையும் சோம்பு போன்ற மணம் வீசி அதனை ஈர்க்கும். அங்கே வண்டுக்கு இனப்பெருக்க இடமில்லை. ஆயினும் அதன் உடலில் ஒட்டிய மகரந்தம் பூவில் படிந்துவிடும்.

பிற பயிர்களுக்கு அதனால் கேடில்லை எனச் சோதித்தறிந்த பின்னர், 1981 பிப்ரவரியில் ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் அவ்வண்டு விடப்பட்டது. விரைவிலேயே அது தீபகற்பமெங்கும் பரவியது. ஊதுகருவிகள் ஓய்ந்தன.

உடல் நோகும் வேலை ஒழிந்தது நன்றே. எனினும், அவ்வேலை தந்த கூலியும் அதனுடன் ஒழிந்தது. வண்டைக் கொணர்ந்தோரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. அது வருமுன் அதன் கடமையைத் தம் கைகளால் ஆற்றியவர்களுக்கும் செம்பனை வரலாற்றில் இடமளித்தல் எழுதுவோர் கடன்.